புது மோட்டாரில் முதல் ஐந்நூறு கிலோமீட்டர்

கடையிலிருந்து புது மோட்டாரை எடுத்து வந்த பத்தாவது நிமிடத்தில், இரண்டாவது சமிக்ஞை விளக்கைத் தாண்டியதும் என் மானம் போனது. மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்தேன். நான்காவதுக்கு மாற்றலாம் என்று கிளட்சைப் பிடித்து, வழக்கம்போல் இடது கால் விரலால் மிதியை முன்பக்கம் அழுத்தினேன். கிளட்சை விட்டதும் மோட்டார் உறுமிக்கொண்டு பின்னால் இழுத்தது. யாரோ சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது போல இருந்தது. பின்னால் வந்த வேன்காரர் ஹாரன் அடித்ததோடு விடவில்லை. பக்கத்தில் வந்து, ஹெல்மெட்டுக்குள் இருந்த என் நரைத்த மீசையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

காப்சாய் ஓட்டியவர்களுக்கு என்ன நடந்தது என்று உடனே புரிந்திருக்கும். நம் காப்சாயில் கால் விரலால் முன்னே அழுத்தினால் கியர் ஏறும். குதிகாலால் பின்னே அழுத்தினால் இறங்கும். நான் வாங்கிய மோட்டாரில் இது அப்படியே தலைகீழ். முன்னே அழுத்தினால் இறங்கும், குதிகாலால் அழுத்தினால் ஏறும். கடையில் சொன்னார்கள்தான். "தெரியும், தெரியும்" என்று நானும் சொன்னேன். மூளைக்குத் தெரிந்திருந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளாக ஒரே வேலையைச் செய்த இடது காலுக்கு யாரும் சொல்லவில்லை.

அப்பாவின் ஹோண்டா சி70-இல் ஓட்டப் பழகி, பதினேழு வயதில் உரிமம் எடுத்தவன் நான். அதன் பிறகு மோட்டார் இல்லாமல் நான் வேலைக்குப் போன நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கிள்ளானிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்கு, மழையோ வெயிலோ, போகவும் வரவும் அதே சாலை. 2004-இல் வாங்கிய ஹோண்டா இஎக்ஸ்5 இன்னும் வீட்டு முன்புறத்தில் நிற்கிறது. அதன் கிலோமீட்டர் கருவி எப்போதோ களைத்துப்போய் நின்றுவிட்டது, மோட்டார் நிற்கவில்லை. இப்போதும் ஒரே உதையில் கிளம்பும்.

அப்படியிருக்க இந்த வயதில் ஏன் இன்னொன்று? காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். நாங்கள் வளர்ந்த தோட்டத்தில் டிரெஸ்ஸர் ஒருவர் பழைய பிரிட்டிஷ் மோட்டார் ஒன்று வைத்திருந்தார். என்ன ரகம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சத்தம் தெரியும். லயத்துக்கு யாருக்கோ ஊசி போட அவர் வருகிறார் என்றால், ரப்பர் மரங்களுக்குப் பின்னாலிருந்து அந்தத் 'தப்... தப்... தப்' முதலில் வரும், ஆள் பிறகுதான் வருவார். நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். அந்தச் சத்தத்துக்காகத்தான் வாங்கினேன். மற்ற காரணமெல்லாம் மனைவியிடம் சொல்வதற்காக நான் பிறகு சேகரித்தவை.

வாங்கியது ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350. இங்கிலாந்தில் பிறந்த பெயர் என்றாலும் 1955 முதல் சென்னை திருவொற்றியூரில் தயாரான குடும்பம் அது. என் தாத்தா வாலிபத்தில் கப்பல் ஏறிய ஊரும் சென்னைதான். "உன் தாத்தாவுக்கு அப்புறம் அங்கிருந்து வந்த ஒரே சொந்தம் இதுதான்" என்று என் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அம்மா சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. விலையை இங்கே எழுதப் போவதில்லை. அவரும் இந்தப் பக்கத்தைப் படிப்பார்.

வாங்குவதற்கு முன் உரிமத்தையும் உயர்த்த வேண்டியிருந்தது. பி2 உரிமத்தில் 250 சிசி வரைதான் ஓட்டலாம். இது 349 சிசி. ஓட்டுநர் பயிற்சி நிலையத்தில் என் மகன் வயதுப் பையன்களோடு வரிசையில் நின்றேன். ஒருவன் என்னைப் பயிற்றுநர் என்று நினைத்து வணக்கம் சொன்னான். அந்த மரியாதை, நான் முதல் கூம்பைத் தட்டிவிடும் வரை நீடித்தது.

சரி, மோட்டாருக்கு வருவோம்.

முதலில் கனம். காகிதத்தில் 195 கிலோ என்று படிக்கும்போது அது ஓர் எண். என் இஎக்ஸ்5 நூறு கிலோவை ஒட்டி இருக்கும். அதை ஒரு கையால் இழுத்து, பின்பக்கத்தைத் தூக்கித் திருப்பி, இரண்டு காருக்கு நடுவே சொருகிவிட்டுப் போய்விடுவேன். இதை அப்படிச் செய்ய முடியாது. எங்கே நிறுத்துகிறோம், தரை எந்தப் பக்கம் சரிகிறது, எப்படி வெளியே எடுப்பது என்று நிறுத்துவதற்கு முன்பே யோசிக்க வேண்டும். மூன்றாம் நாள் மாமாக் கடை வாசலில் சரிவைக் கவனிக்காமல் மூக்கை உள்ளே விட்டு நிறுத்திவிட்டேன். தே தாரிக் குடித்துவிட்டு வந்து பின்னால் தள்ளினால் அசையவில்லை. பக்கத்து மேசையிலிருந்த மலாய்க்காரப் பையன்கள் இருவர் எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல் முன்னால் நின்று தள்ளிவிட்டார்கள். "அழகான மோட்டார், அங்கள்" என்றான் ஒருவன். கேலியா பாராட்டா என்று தெரியவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அதே கனம் சக்கரம் உருளத் தொடங்கியதும் காணாமல் போகிறது. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் மோட்டார் தன்னையே தாங்கிக்கொள்கிறது. லோரி பக்கத்தில் கடக்கும்போது காப்சாய் ஓர் ஆட்டம் ஆடும், தெரியுமல்லவா? அந்தக் காற்று அடிக்கும் என்று தெரிந்து தோளை இறுக்கிக்கொண்டு காத்திருப்போம். இதில் நானும் இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். லோரி போனது. ஒன்றும் ஆகவில்லை. தோளைத் தளர்த்திக்கொண்டேன். இத்தனை ஆண்டுகளில் எத்தனை ஆயிரம் லோரிகளுக்குத் தோளை இறுக்கியிருப்பேன் என்று அப்போது தோன்றியது.

வேகம்? மெதுவான மோட்டார்தான், ஒளிக்கத் தேவையில்லை. 350 சிசி என்றால் பறக்கும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். இயந்திரம் தருவது இருபது குதிரைச் சக்தி. நம் பையன்கள் ஓட்டும் 150 சிசி ஒய்15 பதினைந்தை ஒட்டித் தருகிறது. அதன் எடையோ இதில் முக்கால் பங்குகூட இல்லை. சமிக்ஞையில் பச்சை விழுந்ததும் அவர்கள் போய்விடுவார்கள். நான் பின்னால் 'தப் தப்' என்று வந்துகொண்டிருப்பேன். இதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. பிஸ்டன் நீளமாக ஏறி இறங்கும் இயந்திரம். 4,000 சுழற்சியிலேயே முழு இழுவையும் கிடைத்துவிடுகிறது, 27 நியூட்டன் மீட்டர். காப்சாயைப் போல மூன்று மடங்கு. அதனால் நான்காவது கியரிலேயே மேட்டில் ஏறலாம், கியரை நோண்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. இடது கால் இன்னும் பாடம் படித்துக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய உதவி.

ஃபெடரல் நெடுஞ்சாலையின் மோட்டார் வழித்தடம் வேறு கதை. அந்தத் தடத்தில் ஓட்டாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது காருக்கும் லோரிக்கும் ஒதுங்கி மோட்டார்களுக்கென்றே 1970-களில் போட்ட ஒற்றைப் பாதை. சந்திப்புகள் வரும்போது சுரங்கம் போலக் கீழே இறங்கி, சட்டென்று வளைந்து, மறுபுறம் வெளிச்சத்தில் ஏறும். மழை வந்தால் பாலத்தடியில் எல்லாரும் ஒதுங்கி நிற்போம். அரைமணி நேரம் முன்பின் தெரியாதவர்கள் சிகரெட்டும் செய்தியும் பகிர்ந்துகொள்வோம். இந்தப் பாதையில் காப்சாய்தான் ராஜா. என் புது மோட்டாரின் கைப்பிடி அகலம். நெரிசலில் நுழைய முடியவில்லை. வழக்கமாக முந்திப் போகும் இடங்களில் வரிசையில் நிற்கிறேன். வேலைக்குப் போய்ச் சேர எட்டு நிமிடம் கூடுதலாகிறது. முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. இரண்டாம் வாரம், அந்த எட்டு நிமிடத்தை இத்தனை நாள் எப்படிச் சம்பாதித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டு கைப்பிடிக்கு நடுவே ஒரு சாண் இடைவெளியில் புகுந்துதான்.

வீட்டில் ஓர் ஏற்பாடு இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மகனுக்குப் பதினெட்டு வயது. ஷா ஆலமில் பாலிடெக்னிக் சேர்கிறான். பி2 உரிமம் எடுத்துவிட்டான். அப்பாவுக்குப் புது மோட்டார், மகனுக்கு அப்பாவின் இஎக்ஸ்5. மனைவியைச் சம்மதிக்க வைத்ததே இந்தக் கணக்குதான். "அவனுக்கு எப்படியும் ஒண்ணு வாங்கணும். புதுசு வாங்கிக் கொடுத்தா கண்ணுமண்ணு தெரியாம ஓட்டுவான். பழசு அவனுக்கு, புதுசு எனக்கு" என்றேன். நல்ல தகப்பன் பேச்சு மாதிரியே இருந்தது. தவுக்கேயிடம் கொடுத்து இஎக்ஸ்5-க்கு இரண்டு டயரும் சங்கிலியும் புதிதாக மாற்றினேன். தவுக்கே இருபது ஆண்டுகளாக அதைப் பார்ப்பவர். மகன் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்து, "பெலான்-பெலான் லா, போய்" என்றார்.

முதல் சர்வீஸ் 500 கிலோமீட்டரில். அதற்குள் ஒரு நீண்ட ஓட்டம் போய்விட வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினேன். காப்பார் வழியாக வடக்கே கோல சிலாங்கூர் வரை போய், அங்கிருந்து உள்ளே திரும்பி ஈஜோக், ஒரு காலத்தில் நிலக்கரி தோண்டிய பத்து ஆராங், அப்புறம் ரவாங். பிறகு பழைய சாலையிலேயே செரண்டா, பத்தாங் காலி, கோல குபு பாரு. பெருவிரைவுச் சாலையில் போனால் பாதி நேரம்தான் ஆகும். ஆனால் இந்த மோட்டார் பழைய சாலைக்குப் பிறந்தது. மணிக்கு எழுபது, எண்பதில் அது சந்தோஷமாக இருக்கிறது; நானும்தான். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அந்தச் சத்தம் மரங்களில் பட்டுத் திரும்பி வந்தது. ஈஜோக்கைத் தாண்டியதும் ஓரிடத்தில் ஒரு வயதான அம்மா கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தார். டிரெஸ்ஸர் நினைவு வந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், கண் கலங்கியது. ஹெல்மெட்டுக்குள் அழுவதில் ஒரு வசதி உண்டு, யாருக்கும் தெரியாது.

கோல குபு பாருவைத் தாண்டினால் சுங்கை சிலாங்கூர் அணை. அதன் கரையோரமாகச் சாலை வளைந்து வளைந்து, ஃபிரேசர் மலைக்குப் பிரியும் கணவாய் வரை ஏறுகிறது. மோட்டார்காரர்களுக்குப் பிடித்த சாலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய மோட்டார்கள் ஈ மொய்ப்பது போல இருக்கும். இங்கேதான் முன் சக்கரத்தின் குணம் தெரிந்தது. காப்சாயின் சக்கரம் 17 அங்குலம். இடுப்பை அசைத்தாலே திரும்பிவிடும். இதன் முன் சக்கரம் 19. நாம் சொல்ல வேண்டும், அது யோசிக்கும், பிறகு சாயும். ஆனால் சாய்ந்துவிட்டால் அந்தக் கோட்டை விட்டு விலகாது. நடுவளைவில் தார் ஒட்டுப்போட்ட இடத்தில் ஏறியபோதுகூட மோட்டார் பதறவில்லை. முதல் ஐந்து வளைவுகளில் நான் அதனுடன் சண்டை போட்டேன். பத்தாவது வளைவில், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, உள்ளே போனதும் மெல்ல முறுக்கினால் போதும் என்று புரிந்தது. இதைப் பயிற்சி நிலையத்தில் அந்த இளம் பயிற்றுநர் சொன்னபோது, மனதுக்குள் சிரித்தவன் நான்.

கணவாயை எட்டியபோது மேகம் இறங்கிவிட்டது. மேலே போகாமல் திரும்பினேன்.

மழை கோல குபு பாருவுக்கு வெளியே பிடித்தது. பெருமழை இல்லை. தூறலுக்கும் மழைக்கும் நடுவே இருக்குமே, சாலையில் கிடக்கும் எண்ணெயைக் கழுவாமல் மேலே மிதக்கவிடும் மழை, அது. பத்தாங் காலிக்கு முன்னால், இடதுபுறச் சந்திலிருந்து ஒரு வெள்ளைக் கார் நின்று பார்க்காமல் சாலைக்கு வந்துவிட்டது. வந்ததோடு, என்னைப் பார்த்துப் பயந்து, நடுவிலேயே நின்றும் விட்டது. எனக்கு முன்னால் கார் கதவு. வலதுபுறம் எதிரே லோரி. சாலையில் தடித்த வெள்ளைக் கோடுகள். மழையில் அவை சோப்புப் பூசியது போல இருக்கும் என்று மோட்டார்காரர் எல்லாருக்கும் தெரியும்.

யோசிக்க நேரமில்லை. கையும் காலும் தாமாகவே இறுக்கின. முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் இருந்த பலம் எல்லாம் கொண்டு பிடித்தேன். இது தவறு என்று என் உடம்பின் ஒவ்வோர் எலும்புக்கும் தெரியும். ஈரத்தில் இப்படிப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வழுக்கும், விழுவோம். விழுவதற்குத் தயாராகிவிட்டேன். அப்போது வலது கைக்கடியில் பிரேக் பிடி 'தட தட தட' என்று உதைத்தது, உள்ளேயிருந்து யாரோ விரலால் தட்டுவது போல. காலுக்கடியிலும் அதே. மோட்டார் நேராகவே நின்றது. நேராகவே வேகம் குறைந்தது. கார் கதவுக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன். உள்ளே இருந்த மலாய் அம்மா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் கையை உயர்த்தி, பரவாயில்லை என்றேன். அவரும் கையை உயர்த்தினார். காரை ஓரம் எடுத்தார்.

அதுதான் ஏபிஎஸ். விளம்பரத்தில் படித்தபோது மூன்று எழுத்து. ஒவ்வொரு சக்கரத்திலும் ஓர் உணர்கருவி இருக்கிறது. சக்கரம் சுழல்வது சட்டென்று நிற்கப் போகிறது என்று தெரிந்தால் பிரேக்கைக் கொஞ்சம் விட்டு, உடனே மறுபடி பிடிக்கிறது. ஒரு விநாடிக்குள் பலமுறை. எந்த மனிதக் கையாலும் அது முடியாது, முப்பத்திரண்டு ஆண்டு அனுபவம் உள்ள கையாலும்.

கொஞ்ச தூரம் தள்ளி ஒரு பேருந்து நிறுத்தக் கொட்டகையில் நிறுத்தினேன். கை நடுங்கியது. அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் 2009 ஞாபகம் வந்தது.

அன்றும் இதே போன்ற மழை. மோட்டார் வழித்தடத்தில் ஒரு சுரங்க வாயிலை விட்டு ஏறும்போது, முன்னால் போனவர் தடுமாறினார். நான் பின் பிரேக்கை மிதித்தேன். முன் பிரேக்கைத் தொடவில்லை. முன் பிரேக் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும் என்று அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார்; அவருக்கு அவருடைய கூட்டாளிகள் சொல்லியிருப்பார்கள். உண்மையில் பிரேக் பிடிக்கும்போது கனமெல்லாம் முன்னே சாய்ந்துவிடும், பின் சக்கரம் இலேசாகிவிடும். இலேசான சக்கரத்தை மிதித்தால் அது பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டது. பின்பக்கம் என்னை முந்திக்கொண்டு போனது. காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் வீட்டில் இருந்தேன். மகனுக்கு அப்போது இரண்டு வயது. தூக்கச் சொல்லிக் கை நீட்டுவான், தூக்க முடியாது. மழை மேல் பழியைப் போட்டேன். முன்னால் போனவர் மேலும் போட்டேன். என் கால் செய்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. மறுபடி வேலைக்குப் போனதும் அதே காலால் அதே பிரேக்கைத்தான் மிதித்தேன். இந்த முப்பத்திரண்டு ஆண்டில் பாதியை அனுபவம் என்று சொல்வதா, அதிர்ஷ்டம் என்று சொல்வதா தெரியவில்லை.

அந்தக் கொட்டகையில் இன்னொன்றும் உறைத்தது. என் ஆசைக்கு வாங்கிய மோட்டாரில் ஏபிஎஸ் இருக்கிறது. வாரம் ஆறு நாள் ஷா ஆலமுக்குப் போய்வரப் போகிறவனுக்கு நான் கொடுப்பது, இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள, நான் விழுந்த அதே மோட்டார்.

மாற்றிக்கொள்ளலாமே என்று நினைப்பீர்கள். அவனுடைய பி2 உரிமத்துக்கு என்னுடையதை ஓட்ட முடியாது. சட்டம் சரிதான், பதினெட்டு வயதில் 195 கிலோ வேண்டாம். ஆனால் பாதுகாப்பான பிரேக் பெரிய மோட்டாரோடு சேர்ந்தே வருகிறது. புதிதாக வரும் 150 சிசி, அதற்கு மேற்பட்ட மோட்டார்களுக்கு 2025 ஜனவரி முதல் ஏபிஎஸ் கட்டாயம் என்று அரசாங்கம் அறிவித்தது. நல்ல செய்தி. ஆனால் நம் நாட்டில் மோட்டாரில் வேலைக்கும் படிக்கவும் போகிற பெருங்கூட்டம் அந்த 150-க்குக் கீழே அல்லவா இருக்கிறது? சாலையில் இறப்பவர்களில் பாதிக்கும் மேல் மோட்டார்காரர்கள் என்று ஆண்டுதோறும் படிக்கிறோம். அவர்களில் எத்தனை பேர் 350 சிசி ஓட்டினார்கள்?

மழை விட்டதும் மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன். மீட்டரில் 486 இருந்தது. மகன் வாசலில் இஎக்ஸ்5-ஐக் கழுவிக்கொண்டிருந்தான். பல் துலக்கும் பிரஷ்ஷால் சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் அதை ஒருநாளும் அப்படிக் கழுவியதில்லை.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். 2009-இல் என் கால் செய்ததையும் சேர்த்துத்தான். பதினாறு ஆண்டு தாமதம். அவர் என்னைத் திட்டவில்லை. "அப்ப அவன் அதுல போக வேணாம்" என்றார் ஒரே வரியில். மகன் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். "எனக்கு அது போதும்பா. நீங்க இவ்வளவு நாள் ஓட்டலையா?" என்று வந்தான். அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். எனக்கு அது குத்தியது.

ஏபிஎஸ் உள்ள 155 சிசி ஸ்கூட்டர் ஒன்றின் விலையைக் கேட்டு வைத்திருக்கிறேன். புது மோட்டாரின் முன்பணத்தைக் கொடுத்த கை, இப்போதைக்கு இன்னொரு கடனுக்குக் கையெழுத்துப் போட முடியாது. ஆண்டு இறுதி போனஸ் வரட்டும். என் மோட்டாரை விற்றுவிடலாமா என்றும் ஓர் இரவு முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாங்கிய மறுநாளே விலை இறங்கிவிடும் பொருள் அது. விற்றாலும் கடன் மிஞ்சும். அந்தக் கணக்கை இன்னும் மூடவில்லை. அதுவரை அவன் கொமுட்டர் ரயிலில் போகிறான். நிலையத்தில் காலையில் நானே இறக்கிவிடுகிறேன், கிளாசிக்கில் பின்னால் உட்காரவைத்து. நண்பர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முதல் இரண்டு நாள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நடந்து போனான். மூன்றாம் நாள் ஒருவன் பார்த்துவிட்டு, "மோட்டார் யாருது?" என்று கேட்டானாம். அதிலிருந்து கழற்றிவிட்டு நடக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பேரங்காடி வாகன நிறுத்துமிடம் காலியாக இருக்கும். போன வாரம் இஎக்ஸ்5-ஐ அங்கே கொண்டு போனோம். என் இரண்டு சிலிப்பரையும் தரையில் அடையாளமாக வைத்தேன். மணிக்கு நாற்பதில் வந்து, சிலிப்பரைத் தாண்டும்போது பிரேக் பிடிக்க வேண்டும். முதலில் பின் பிரேக் மட்டும். பிறகு முன் பிரேக்கை மெல்லத் தொடங்கி, இறுக்கிக்கொண்டே போய், இரண்டும் சேர்த்து. அவன் ஓட்டினான், நான் காலடி வைத்து எண்ணினேன். பின் பிரேக்கில் மட்டும் நின்றபோது பத்தொன்பது அடி. இரண்டும் சேர்த்துப் பிடித்தபோது பதினொன்று. அவனுக்கே நம்ப முடியவில்லை. திரும்பப் போய் மறுபடி செய்தான். பன்னிரண்டு.

"நீங்க செஞ்சு காட்டுங்கப்பா" என்றான்.

வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தேன். இலேசாக இருந்தது, சைக்கிள் போல. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவதுக்கு மாற்றக் குதிகாலால் அழுத்தினேன். கியர் இறங்கியது. பின்னால் மகன் சிரிக்கும் சத்தம் நிறுத்துமிடம் முழுக்கக் கேட்டது.